பதினேழாம் நிலையத்தின் பூஜ்யங்கள்

"முப்பத்தோரு வருஷத்துல இந்தக் கவுண்டியில நான் கால் வைக்காத சேறு கிடையாது. ஒரு எடத்துல கொசு இல்லன்னு நான் எழுதிக் குடுத்தா, இல்லதான். அந்தக் கொசுவே நேர்ல வந்து, பைபிள் மேல கை வெச்சு, 'நான் இருக்கேன்'னு சத்தியம் பண்ணினாலும் நம்பாதீங்க."

ஹார்வி எஸ்ட்லோ இப்படிச் சொன்னது வேட்மோர் கவுண்டி கொசு ஒழிப்பு ஆணையத்தின் ஜனவரி மாதக் கூட்டத்தில். ஆணையத்தில் எட்டுப் பேர். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் வீட்டுமனை விற்பவர், இருவர் கிரான்பெர்ரி பண்ணைக்காரர்கள், மீதிப் பேர் போன தேர்தலில் தோற்றவர்கள். கொசுவைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அது கடிக்கும் என்பதுதான். ஆனாலும் அத்தனை பேரும் கை தட்டினார்கள். தெற்கு நியூ ஜெர்சியில் ஜனவரி மாதத்தில் கை தட்டுவதற்கு வேறு சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை.

ஹார்வியை இந்தப் பேச்சுக்கு இழுத்தது லீனா பிசானோ கேட்ட ஒரு கேள்வி. லீனாவுக்கு நாற்பத்து நான்கு வயது. வைன்லாந்துப் பக்கத்துத் தக்காளிக் குடும்பத்தில் பிறந்து, படிக்கக் கூடாத அளவுக்கு, டாக்டர் பட்டம் வரைக்கும் படித்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆணையத்துக்கு வந்தவள். எந்த இடத்தில் எந்தக் கொசு குடியிருக்கும் என்று கணினியை வைத்துச் சொல்வது அவள் தொழில். கொசு கிடைத்த இடங்களில் என்ன மரம், எவ்வளவு நிழல், எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர், எத்தனை அங்குலம் மழை. கிடைக்காத இடங்களில் இவையெல்லாம் எப்படி என்று கணினிக்குக் காட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு யாருமே போகாத இடத்தில்கூடக் கொசு இருக்குமா, இருக்காதா என்று கணினி நிறம் போட்டுக் காட்டிவிடும். இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் நீலம்.

"எல்லாமே ஹார்வியோட கணக்கு அட்டைகளை வெச்சுத்தான் செய்யப்போறேன்" என்றாள் லீனா. "அதனால ஒண்ணு கேக்கணும். அந்த அட்டைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

கேள்வி முறையானது. கேட்டவள் மரியாதையாகத்தான் கேட்டாள். ஹார்விதான் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலே சொன்ன பிரசங்கத்தைச் செய்தார்.

ஹார்வி எஸ்ட்லோ ஒல்லியான மனிதர். வயது அறுபத்திரண்டு. கவுண்டி அவருக்குச் சம்பளம் கொடுத்தது உண்மையில் அவருடைய இடது முன்கைக்கு. மீதி உடம்பு சும்மா கூட வந்துகொண்டிருந்தது. கொசு எண்ணுவதற்கென்று குறித்த ஒவ்வொரு நிலையத்திலும் இடது சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் கையில் வந்து உட்காரும் கொசுக்களை எண்ண வேண்டும். அடிக்கக் கூடாது, ஊதக் கூடாது, சொறியக் கூடாது. அசைந்தால் எண்ணிக்கை கெட்டுவிடும். கொசு ஒழிப்புத் துறையின் முதல் விதி கொசுவைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது.

இரண்டாவது வேலை பெட்டிகள். சதுப்புக்குள் உள்ளே சிவப்பு, வெளியே கறுப்பு பூசிய மரப்பெட்டிகளை வாய் திறந்தபடி வைத்திருப்பார்கள். கறுப்புவால் கொசு என்று ஒன்று உண்டு. அது மனிதரைச் சீண்டாது. பறவைகளை மட்டும் கடித்து, இரவு முழுக்க வேலை செய்துவிட்டு, பகலில் இந்தப் பெட்டிகளுக்குள் போய்த் தூங்கும். இவ்வளவு நல்ல கொசுவிடம் ஒரே ஒரு கெட்ட குணம். குதிரை மூளைக்காய்ச்சலைப் பறவைக்குப் பறவை பரப்பி வளர்ப்பது அதுதான். அந்தப் பறவைகளைக் கடித்த வேறு கொசுக்கள் குதிரையையும் மனிதரையும் கடிக்கும். ஆகவே கறுப்புவால் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், ஜூலையில் அங்கே ஹெலிகாப்டரை அனுப்பி மருந்து தெளிக்கலாம். தெரியாவிட்டால், குதிரை செத்த பிறகு தெரிந்துகொள்ளலாம்.

கவுண்டியில் வெளிச்சமே புகாத அடர்ந்த சீடர் மரச் சதுப்புகள் பத்து. பத்திலும் நிலையம் வைக்க ஆள் இல்லை. அதனால் ஒன்றில் மட்டும் வைத்தார்கள். அது பதினேழாம் நிலையம். மற்ற ஒன்பது சதுப்புகளின் சார்பிலும் பேசவேண்டிய பொறுப்பு அதற்கு.

செவ்வாய்க்கிழமைதோறும் ஹார்வி பதினேழுக்குப் போகும்போது அவர் மனைவி நார்மாவும் லாரியில் ஏறிக்கொள்வாள். பூக்கடைகளுக்குப் பாசி சேகரித்துக் கொடுப்பது அவள் குடும்பத்துத் தொழில். இடுப்புவரை ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு, வேருக்கு வேர் தாவி, ஈரப்பாசியைப் பிடுங்கிச் சாக்கில் அடைப்பாள். மாதம் ஒரு முறையாவது வழுக்கித் தண்ணீரில் விழுவாள். விழுந்தபின் அவள் பேசுகிற பேச்சை இங்கே எழுதமுடியாது.

"ஒரு நிமிஷம் சும்மா நிக்கறதுக்கு உனக்குப் பென்ஷன் வேற" என்பாள் நார்மா.

"நீ ஒரு நிமிஷம் சும்மா நின்னு காட்டு பாக்கலாம். என் பென்ஷனை உனக்கே எழுதி வெச்சிடறேன்."

"அது எப்படியும் எனக்குத்தான வரப்போகுது. அதுக்கு எதுக்கு நான் சும்மா நிக்கணும்?"

அப்படி வரவில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை. ஹார்வி பெட்டிகளைப் பார்த்து முடித்துவிட்டு, கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். இருபது வினாடி ஆகியிருக்கும். மரங்களுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம். ஒரு குரல், பாதி மட்டும். வழுக்கிவிட்டாள் என்று நினைத்தார். வசவு வரும் என்று காத்துக்கொண்டே எண்ணினார். கையில் இருபத்தெட்டு, இருபத்தொன்பது. வசவு வரவில்லை. நிமிடம் முடிந்தது. அட்டையில் நாற்பத்தொன்று என்று எழுதினார். அப்புறம்தான் போனார்.

மாரடைப்பு என்றார் டாக்டர். விழுவதற்கு முன்பே முடிந்திருக்கும், கொஞ்சம் முன்னால் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். நல்ல டாக்டர். எண்ணி முடிக்க எடுத்த நாற்பது வினாடியைப் பற்றி ஹார்வி அவரிடம் சொல்லவேயில்லை. அவரே பொதுவாக, "சீக்கிரம் பாத்திருந்தா" என்று தொடங்கும் கேள்விக்கு எல்லோரிடமும் சொல்லும் பதிலைத்தான் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மணல் பாதை முடியும் இடம்வரை லாரி போனது. அங்கே குறுக்கே ஒரு சங்கிலி. அதைக் கழற்றிவிட்டு முந்நூறு அடி நடந்தால் பதினேழு. ஹார்வி இறங்கவில்லை. பதினேழின் அட்டையில் கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு வந்தார். அட்டைகளைக் கணினியில் ஏற்றும் எழுத்தர் அம்மாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"ஹார்வி கண்ணு, உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா கட்டம் காலியா இருந்தா இந்த மிஷின் அடுத்த பக்கத்துக்கே போமாட்டேங்குது. ஏதாவது ஒரு நம்பர் போட்டுக் குடுத்துடு."

ஹார்வி பொய்க் கணக்கு எழுதுகிறவர் அல்ல. முப்பத்தெட்டு என்றோ, இருபது என்றோ எழுதினால் அது பொய். எதுவுமே பார்க்கவில்லை, அதனால் எதுவும் இல்லை. பூஜ்யம் போட்டார். அன்றைக்கு அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. காலிக் கட்டத்துக்கு அதைவிட நெருக்கமான எண் வேறு எது?

அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் இது வழக்கமாகிவிட்டது. சங்கிலிக்கு முன்னால் லாரியை நிறுத்துவார். போர்க் ரோல் என்கிற பன்றிக்கறி சாண்ட்விச்சில் பாதியைத் தின்பார். மீதிப் பாதியை, பழைய பழக்கத்தில், பக்கத்து இருக்கையில் வைப்பார். பதினேழுக்கு ஆகவேண்டிய நேரம் முடிந்ததும் பூஜ்யம் எழுதிவிட்டுப் பதினெட்டுக்குப் போவார். மற்ற முப்பத்தாறு நிலையங்களிலும் அவர் கணக்கில் ஒரு கொசு பிசகாது. ஜனவரிக் கூட்டத்தில் அப்படிப் பேசியபோது பதினேழு அவருக்கு நினைவு வரவில்லையா என்றால், வந்தது. வந்ததால்தான் குரல் அவ்வளவு உயர்ந்தது.

இனி விஞ்ஞானத்தின் பங்கு.

முப்பத்தோரு வருடத்து அட்டைகளும் கிடைக்கும் என்றுதான் லீனா நினைத்திருந்தாள். ஆணையத்தின் நிலவறையில் முன்பொரு தடவை வெள்ளம் புகுந்தது. தண்ணீர் மூன்று வாரம் நின்றது. கொசு ஒழிப்பு ஆணையத்தின் சொந்தக் கட்டடத்தில் கொசு முட்டையிட்டுப் பெருகியது. பழைய அட்டைகள் பூஞ்சை பிடித்துக் கூழாகின. மிஞ்சியது கடைசி நான்கு பருவங்கள்.

பதினேழாம் நிலையத்தில் அந்த நான்கு பருவங்கள் விசித்திரமாக இருந்தன. முதல் ஏழு வாரம் கறுப்புவால் ஏராளம். பிறகு தொண்ணூற்றெட்டு வாரம் தொடர்ந்து பூஜ்யம். லீனா இரண்டு நாள் யோசித்தாள். முப்பது வருட அனுபவசாலி தொண்ணூற்றெட்டு முறை ஒரே விஷயத்தைச் சொல்கிறார். ஏழு முறை வேறு சொல்கிறார். எது பிழையாக இருக்கும்? அந்த ஏழையும் சிவப்பு மையால் அடித்து, "பிழை" என்று ஓரத்தில் எழுதி ஒதுக்கினாள். ஏழும் உண்மை. தொண்ணூற்றெட்டும் நின்றன.

கணினி பாவம், சொன்னதைக் கேட்கும் பிள்ளை. அடர்ந்த சீடர், ஆழ்ந்த நிழல், அரையடியில் தண்ணீர், இப்படிப்பட்ட இடத்தில் கறுப்புவால் இருக்காது என்று அது கற்றுக்கொண்டது. கற்றதை மற்ற ஒன்பது சதுப்புகளுக்கும் பொருத்தியது. பத்தும் நீலமாகின. ஒரு மனிதன் லாரியை விட்டு இறங்க முடியாததால், ஒரு கவுண்டியின் பத்துச் சதுப்புகளில் ஓர் இனமே இல்லாமல் போனது.

சோதித்துப் பார்க்காமல் வெளியிட லீனா ஒன்றும் அரைகுறை அல்ல. அட்டைகளில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து மறைத்துவைத்திருந்தாள். வரைபடம் சொல்வதும் மறைத்த அட்டைகள் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தாள். ஹார்வியின் பூஜ்யங்களை வைத்துப் போட்ட படத்தை, ஹார்வியின் வேறு பூஜ்யங்களை வைத்துச் சோதித்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சரியாக வந்தது.

ஆணையத்தின் கண்காணிப்பாளர் வாரன் மேத்திஸ் அந்தத் தொண்ணூற்று நான்கைக் கேட்ட நாளிலிருந்து தரையில் நடக்கவில்லை. வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு நகர மண்டபம், நூலகம், தீவனக் கடை எல்லாவற்றிலும் மாட்டினார். ஹெலிகாப்டர் பறக்கவேண்டிய நாட்கள் பாதியாகக் குறைந்தன. வீட்டுமனை விற்கும் ஆணையர் தன் விளம்பரத்தில் "நீலப் பகுதி" என்று சேர்த்துக்கொண்டார்.

லீனாவுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. மே மாதத்தில் ஹார்வியின் லாரிப் பக்கம் வந்து நின்றாள்.

"ஹார்வி, பக்கத்து மாநிலங்கள்லயும் கேட்டுப் பாத்துட்டேன். எந்தச் சீடர் சதுப்புலயும் கறுப்புவால் இல்லாம இருந்ததே இல்லையாம். நம்ம பதினேழுல மட்டும் என்னவோ இருக்கு. ஏதாவது மீன் தின்னுடுதா, தண்ணில உப்பு ஏதாவது இருக்கா, தெரியல. அதைக் கண்டுபிடிச்சா மருந்தே தேவைப்படாது. என்னை ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்."

"போலாம்" என்றார் ஹார்வி.

"இந்தச் செவ்வாய்?"

"இந்தச் செவ்வாய் சேறு அதிகம், டாக்டரம்மா. உங்க செருப்பு தாங்காது. அப்புறம் போலாம்."

ஆகஸ்ட் வரைக்கும் சேறு அதிகமாகவே இருந்தது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கிளைட் லீக்கின் குதிரை செத்தது. கிளைடும் ஹார்வியும் ஒரே தீயணைப்புப் படையில் நாற்பது வருடத் தொண்டர்கள். படை பிப்ரவரியில் நடத்தும் விருந்துக்குச் சதுப்பில் பிடித்த எலியின் கறியை வறுப்பது கிளைடுதான். அந்தக் கறியைப் பற்றிப் புகார் சொல்வது ஹார்வி. கிளைடுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிஸ்கெட் என்று ஒரு கிழட்டுப் பெண்குதிரை இருந்தது. அவர் வீட்டுக்குப் பின்வேலி தாண்டினால் சீடர் சதுப்பு; அந்தப் பத்தில் ஒன்று. குதிரை இரண்டு நாள் வட்டம் போட்டு நடந்தது, தலையை வேலியில் முட்டிக்கொண்டு நின்றது, மூன்றாம் நாள் விழுந்தது. மாநிலக் கால்நடை டாக்டர் வந்து மூளையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார். மீதியைப் புதைக்கச் சனிக்கிழமை காலை ஹார்வி மண்வெட்டியோடு போனார்.

"கயித்தைப் பிடிடா, கிழவா. நழுவுது" என்றார் கிளைட்.

"நான் கிழவன்னா நீ யாரு? எனக்கு முன்னாடி பொறந்தவன்தான நீ?"

"பொறந்து என்ன பிரயோஜனம். அறிவு இருந்திருந்தா இந்த வருஷமும் இதுக்குத் தடுப்பூசி போட்டிருப்பேன்." கிளைட் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எல்லா வருஷமும் போடுவேன். தீவனக் கடையில படம் மாட்டியிருந்தான் பாரு. நம்ம பக்கம் பூரா நீலம். சரி, ஒரு வருஷம் இதுக்கு ஊசிக்குத்து வேண்டாம்னு விட்டுட்டேன். ஊசின்னா எவ்வளவு பயப்படும் தெரியுமா?"

ஹார்வி மண்ணைத் தள்ளினார்.

"கம்ப்யூட்டரை எல்லாம் நான் நம்பலடா. எல்லாம் உன் கணக்குன்னு வாரன் சொன்னான். அப்ப சரின்னு விட்டேன்."

ஹார்வி இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளினார்.

"உண்மையைச் சொல்லு. பின்னாடி இந்தச் சதுப்புல அந்தக் கொசு இருக்கா?"

"தெரியாது" என்ற ஒரு வார்த்தை போதும். அல்லது "போய்ப் பாக்கல" என்று சொல்லியிருக்கலாம். ஹார்வி வாயைத் திறந்தார்.

"நீலமாத்தான இருக்கு" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஹார்வி லாரியை விட்டு இறங்கினார். சங்கிலியைக் கழற்றக் கையும் வைத்தார். சங்கிலி வெயிலில் சுட்டது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். அட்டையில் பூஜ்யம் எழுதினார். எழுதியதிலேயே அதற்குத்தான் பென்சிலை அதிகம் அழுத்தவேண்டியிருந்தது.

வியாழக்கிழமை கிளைடுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை காபி டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிஸ்கெட்டைக் கொன்றது குதிரை மூளைக்காய்ச்சல்தான் என்ற சோதனை முடிவும் அன்றைக்குத்தான் வந்தது.

ஹார்வி தினமும் போனார். கிளைட் கண்ணைத் திறந்துவைத்திருந்தார், பார்க்கவில்லை. ஹார்வி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போன பிப்ரவரியில் எலிக்கறியில் உப்பு அதிகம் என்று சொன்னார். வேறு நாளாயிருந்தால் அதற்குச் செருப்படி கிடைத்திருக்கும். பதில் வரவில்லை. வெங்காயமும் வேகவில்லை என்றார். அதற்கும் வரவில்லை.

"கொசு எப்பக் கடிச்சிருக்கும்?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"காய்ச்சலுக்கு நாலு நாள் முன்னாடிலேர்ந்து பத்து நாள் முன்னாடிக்குள்ள. சரியாச் சொல்ல முடியாது."

ஹார்வி விரல் விட்டு எண்ணினார். சனிக்கிழமையிலிருந்து வியாழன் ஐந்து நாள். குழி வெட்டிய அன்றைக்கு முன்னாலும் இருக்கலாம். அன்றைக்கே, அந்தக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் இருக்கலாம். முப்பத்தோரு வருடம் கொசு எண்ணியவருக்கு இந்த ஒரு கொசுவின் கணக்கு மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் கிளைட் போய்விட்டார். தீயணைப்பு வண்டியில் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஹார்வி பின்பக்கம் ஒரு கைப்பிடியைப் பிடித்து நின்றார். இடது கையால்.

அடுத்த திங்கட்கிழமை ஆணையம் அவசரக் கூட்டம் போட்டது. குதிரை செத்தபோது, வரைபடம் சரி, குதிரைதான் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்திருக்கும் என்று வாரன் சொல்லியிருந்தார். அது இருபத்திரண்டு வருடமாக வேலியைத் தாண்டியதில்லை என்று யாரோ சுட்டிக்காட்டினார்கள். கிளைட் செத்த பிறகு, வரைபடம் தப்பு, போட்டவள் தப்பு, கணினி தப்பு என்று ஆணையம் கண்டுபிடித்தது. இதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. லீனாவின் ஒப்பந்தத்தை மாதக் கடைசியோடு முடித்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். சுவரிலிருந்து படங்களைக் கழற்றச் சொன்னார்கள்.

"இனி இந்த வித்தையெல்லாம் வேண்டாம்" என்றார் வாரன். "உறைபனி விழ இன்னும் ஆறு வாரம் இருக்கு. கிளைட் வீட்டுப் பக்கம் நாளைக்கே ஹெலிகாப்டர் போகும். மத்த எடத்துக்கெல்லாம் எப்படிப் போறதுன்னா, நமக்கு ஹார்வி இருக்காரு. ஹார்வியோட அட்டையில எங்க கொசு இருக்கோ, அங்க போகும். எங்க இல்லையோ, அங்க போகாது. அவ்வளவுதான். மனுஷன் கண்ணால பாத்ததை விட உண்மை என்ன இருக்கு?"

எட்டுப் பேரும் திரும்பி ஹார்வியைப் பார்த்தார்கள். ஒருவர் தோளில் தட்டினார். மிச்சமிருந்த ஒன்பது சதுப்புகளில் இரண்டின் ஓரத்தில் பள்ளிக்கூடம். ஒன்றின் ஓரத்தில் கிரான்பெர்ரி அறுவடைக்கு அடுத்த வாரம் வரப்போகும் அறுபது பேருக்குத் தங்குமிடம். ஹார்வி எழுந்து பின்பக்கம் போனார்.

லீனா தன் அறையில் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கழற்றிய வரைபடம் ஒன்று சுவரோரம் திரும்பி நின்றது. ஹார்வி பதினேழாம் நிலையத்தின் அட்டைகளைக் கட்டாக மேசையில் வைத்தார். பழைய நான்கு பருவங்களும், இந்த வருடத்ததும்.

"ஹார்வி, நான் ரெண்டு வாரமா இதையேதான் பாத்துட்டிருக்கேன்" என்றாள் அவள். கண் வீங்கியிருந்தது. "எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியல. முறையை மாத்தி மாத்திப் போட்டேன். மூணு விதமாப் போட்டேன். மூணுலயும் நீலம். ஒரு ஆள் செத்துட்டாரு, எனக்குக் காரணம்கூடத் தெரியல."

"உங்க முறையில தப்பு இல்ல."

"ஆறுதல் சொல்லாதீங்க."

"ஆறுதல் சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது." ஹார்வி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சிவப்புப் பென்சில் ஒண்ணு குடுங்க."

கொடுத்தாள். அவர் மேலேயிருந்த அட்டையை எடுத்து, பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "போகவில்லை" என்று எழுதி, தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு, அவள் பக்கம் நகர்த்தினார். அடுத்ததை எடுத்தார். கோடு, "போகவில்லை", முதலெழுத்து. அடுத்தது.

நாலாவது அட்டையில்தான் லீனாவுக்குப் புரிந்தது. கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டியில் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை வாரம்?"

"நூத்திப் பதினாறு."

"ஏன் ஹார்வி?"

"நார்மா அங்கதான் விழுந்தா."

ஜன்னலுக்கு வெளியே யாரோ லாரியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். லீனா கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"காலியா விட்டிருந்தீங்கன்னா போதுமே" என்றாள் லீனா கடைசியில், மெதுவாக. "பாக்கலன்னா பாக்கலன்னு இருந்திருந்தா, கம்ப்யூட்டர் அந்த எடத்தை விட்டுட்டுப் போயிருக்கும். இந்தப் பத்தையும் தெரியாதுன்னு சொல்லியிருக்கும். தெரியாதுன்னா நாம ஆள் அனுப்பியிருப்போம்."

"விட்டேன். திருப்பிக் குடுத்துட்டாங்க."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். "எல்லாத்துலயும் எழுத வேண்டாம். ஒரு தாள்ல மொத்தமா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும். நான் வாரனைக் கூப்பிடறேன். மிச்ச ஒன்பது சதுப்பையும் நாளைக்கே மருந்துக்குச் சேத்துக்கச் சொல்லணும்."

"கூப்பிடுங்க" என்றார் ஹார்வி. "அவர் வர்றதுக்குள்ள எழுதிடறேன்."

லீனா தொலைபேசியை எடுத்தாள். ஹார்வி எழுதிக்கொண்டே போனார். போன மாதம் சங்கிலியைத் தொட்டுவிட்டு வந்த அட்டை வந்தது. அதிலும் அப்படியே எழுதினார். கிளைட் வீட்டில் குழி வெட்டியதற்கு முந்தைய வாரத்தது வந்தது. பனியில் ஓரம் நைந்தது, போர்க் ரோல் எண்ணெய் பட்டது, மழை பட்டது எல்லாம் வந்தன. அவர் எழுத்து மட்டும் முதல் அட்டையில் இருந்தது போலவே இருந்தது.

அட்டைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த லீனா அடியிலிருந்து ஒன்றை உருவினாள். அவளே சிவப்பு மையால் அடித்து ஒதுக்கிய ஏழில் கடைசி அது. பெட்டியில் முப்பத்தெட்டு, கையில் நாற்பத்தொன்று.

"இதுவும் போகாத நாளா?"

ஹார்வி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது கை தானாகவே இடது சட்டைக் கையை இறக்கிவிட்டது.

"இல்ல. இதுக்குப் போனேன்" என்றார். "நிமிஷம் முழுசா நின்னு எண்ணினது. இதுல பிழை இல்ல. திரும்பச் சேத்துக்கோங்க."

அட்டையை அவளிடம் கொடுத்தார். வராந்தாவில் வாரனின் காலடிச் சத்தம் கேட்டது. எழுத வேண்டிய அட்டைகள் இன்னும் ஐம்பதுக்கு மேல் இருந்தன. ஹார்வி பென்சிலின் முனையைப் பார்த்துவிட்டு, அடுத்த அட்டையை எடுத்து, பூஜ்யத்தின் மேல் கோடு போட்டு, "போகவில்லை" என்று எழுதினார்.